சராசரிப் புகை

மார்ச் 4

அண்ணி,

இல்லை, உன்னைப் பொய் சொல்லச் சொன்னது நான் இல்லை. உண்மையைச் சொல்லச் சொன்னவள் நான். அதற்காகத்தான் நீ என் போனை எடுக்காமல் இருக்கிறாய் என்பதும் புரிகிறது.

அலுவலக மெயிலில் இதை எழுத முடியாது. எங்களுக்குச் சாயம் போடும் பட்டறைகளில் ஒன்று என் அண்ணனுடையது என்று இங்கே யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் சப்ளையர் பட்டியலைத் தொடவே என்னை விட்டிருக்க மாட்டார்கள். அதனால் காகிதம். கல்லூரியில் நீ எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கெமிஸ்ட்ரி பரீட்சை எழுதிய காலத்துக்குப் பிறகு நான் இவ்வளவு நேரம் பேனா பிடித்ததில்லை. விரல் வலிக்கிறது.

நடந்ததைச் சொல்கிறேன். பாதி உனக்குத் தெரியும்.

எங்கள் கம்பெனி நூல் நூற்பதில்லை, சாயம் போடுவதில்லை, தைப்பதில்லை. விற்கிறது. எங்கள் கட்டிடத்திலிருந்து வரும் புகை என்று பார்த்தால் லிஃப்ட், ஏசி, காபி இயந்திரம். அவ்வளவுதான். மற்றதெல்லாம் எங்களுக்காக வேறு யாரோ விடும் புகை. அதையும் எங்கள் கணக்கில் எழுதி வருடா வருடம் அறிக்கையாக வெளியிட வேண்டும். அதை எண்ணுவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

பெரும்பாலான சப்ளையர்கள் எங்கள் கேள்வித்தாளைக் காலியாகத்தான் திருப்பி அனுப்புவார்கள். அந்த இடங்களில் தொழில் சராசரியை எடுத்துப் போடுவோம். எங்கோ எரிவாயுவில் ஓடும் பெரிய ஆலைகளை வைத்து யாரோ செய்த சராசரி. சுத்தமான எண். தலை வாரிப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை மாதிரி.

உன்னிடம் மட்டும் சொன்னேன், அளந்து அனுப்பு என்று. அளந்தவர்களைத்தான் கம்பெனி கூடவே வைத்துக்கொள்ளும் என்று. நம்பித்தான் சொன்னேன். நீ நீராவி மீட்டர் வைத்தாய். அண்ணன் நிலக்கரியை எடை போட்டான். எண் வந்தது. சராசரிக்கு மேலே, வெகு மேலே.

கூட்டம் நடந்தது. பெரிய திரை. சாயம் போடுகிறவர்கள் வரிசையில் எல்லாம் ஒரே உயரம், ஏனென்றால் எல்லாம் சராசரி. நடுவில் ஒன்று மட்டும் சிவப்பாக எழுந்து நின்றது. எங்கள் பிரிவுத் தலைவரைப் பற்றிச் சொல்லியிருக்கிறேனே, சட்டையில் ஒரு சுருக்கம் இல்லாமல் வருவார், 'இஸ்திரி' என்று பெயர் வைத்திருக்கிறோம். அவர் சொன்னார்:

"இந்த ஒண்ணை எடுத்துட்டா சாயத்துல இந்த வருஷ இலக்கைத் தொட்டுடலாம் போலிருக்கே."

"அவங்க ஒருத்தங்கதான் சார் ஒழுங்கா அளந்து அனுப்பினாங்க" என்றேன்.

"அப்ப நல்லதா ஒரு நன்றி லெட்டர் அனுப்பிடுங்க."

அதற்கு மேல் நான் பேசவில்லை. பேசியிருந்தால் உனக்கென்ன இவ்வளவு அக்கறை என்று கேட்டிருப்பார்கள்.

ஒரு வழி இருக்கிறது. உன் எண்ணுக்குள் மறுசாயமும் இருக்கிறது. எங்கள் நிற அறை 'ஷேடு சரியில்லை' என்று திருப்பி அனுப்பிய துணிக்கு நீ மறுபடி கொதிக்கவைத்த தண்ணீர். அந்தப் புகை உன்னுடையது இல்லை, எங்களுடையது. எவையெவை திரும்பி வந்தன என்று எழுதி அனுப்பு. பிரித்துக் காட்டுகிறேன்.

அண்ணன் பேசுகிறானா?

உன் பெஞ்சுக்காரி

*

மார்ச் 13

உன் கடிதத்துக்கு முன்னாலேயே நன்றி லெட்டர் வந்துவிட்டது. தடித்த காகிதம். அதற்குள் விதை வைத்திருக்கிறார்கள். மண்ணில் புதைத்துத் தண்ணீர் ஊற்றினால் செடி வருமாம். நிலக்கரிக் குவியலில் நட்டுப் பார்க்கலாமா என்று உன் அண்ணன் கேட்டார். பேசுகிறாரா என்று கேட்டாயே, இந்த மாதம் அவர் பேசியது அதுதான்.

மீட்டர் வந்த அன்று அவரை நீ பார்த்திருக்க வேண்டும். அதன் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டே இருந்தார். "குட்டி சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். பாய்லரைச் சும்மா சூடாக வைத்திருக்க எரித்த நிலக்கரியைக்கூட விடாமல் எழுதச் சொன்னார். "அதை எதுக்குங்க, வேலையே நடக்கலையே" என்றேன். "எரிஞ்சுதா இல்லையா?" என்றார். உங்கள் குடும்பத்துக்கே இந்த வியாதி. நான் கல்யாணத்துக்கு முன் சரியாக விசாரிக்கவில்லை.

பாய்லர் இப்போது குளிர்ந்து கிடக்கிறது. நீ இங்கே இருந்தவரை அது ஒருநாளும் முழுக்கக் குளிர்ந்ததில்லை, அதனால் உனக்குத் தெரியாது. பட்டறையில் ஈர இரும்பு வாசனை வருகிறது. தொட்டியில் நிற்கிறவர்களை அனுப்பிவிட்டோம். விளக்குப் பெட்டியில் துணியை வைத்து நிறம் பார்க்கிற அக்கா மட்டும் காலையில் வந்து, பெட்டியைப் போட்டு, உள்ளே ஒன்றுமில்லாத வெளிச்சத்தைப் பார்த்துவிட்டுப் போகிறாள். வராதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கத்து மீசை முதலாளி நேற்று எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, சத்தமே காணோம்?"

"ஆர்டர் நின்னுபோச்சு."

"நீங்க நிறைய எழுதி அனுப்பினீங்களாமே. நாங்க ஒண்ணும் எழுதலம்மா. அப்படியே வெறுங்காகிதத்தைத் திருப்பினோம். ஏதோ சராசரி போட்டுக்கிட்டாங்களாம். சராசரி நல்ல மனுஷன்மா. வீட்டுக்கு வரமாட்டான், ஒண்ணும் கேக்கமாட்டான்."

அவர் பாய்லரும் எங்கள் பாய்லரும் ஒரே வருடம் ஒரே லாரியில் வந்தவை. அதே நிலக்கரிதான். இதை உனக்குச் சொல்லத் தேவையில்லை, நீயே பார்த்து வளர்ந்தாய்.

நீ கேட்டதை அனுப்பியிருக்கிறேன். முக்கியமானது அந்தப் பச்சை. உங்கள் 'பூமிக்கு இதம்' வரிசைக்கானது. 'அமைதிப் பாசி' என்று பெயர் வைத்தீர்களே, அது. முதல் தடவை கொஞ்சம் மஞ்சள் அடிக்கிறது என்று திருப்பினார்கள். அடுத்த தடவை கொஞ்சம் சோகமாக இருக்கிறது என்றார்கள். நானும் கெமிஸ்ட்ரி படித்தவள்தான். நிறத்திலிருந்து சோகத்தை எடுக்க என்ன போட வேண்டும் என்று எந்த வாத்தியாரும் சொல்லித்தரவில்லை. அந்த ஒரு பச்சைக்கு எரிந்த நிலக்கரியில் மூன்று பச்சை போட்டிருக்கலாம்.

கூட்டத்தில் நீ எங்களுக்காக ஒரு வாக்கியம் பேசினாய். அதை எனக்கு எழுதியும் அனுப்பிவிட்டாய், ரசீது மாதிரி. பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அண்ணி

*

மார்ச் 28

அண்ணி,

ரசீது. சரி. வாங்கிக்கொள்கிறேன்.

நீ அனுப்பியதைப் பிரித்து ஒரு பக்கத்தில் போட்டு இஸ்திரியிடம் காட்டினேன். முழுக்கப் படித்தார். அவர் முட்டாள் இல்லை. முட்டாளாக இருந்திருந்தால் எனக்குச் சுலபம்.

"நீ சொல்றது நியாயம்தான்" என்றார். "ஆனா நியாயத்துக்கு இதுல கட்டம் இல்லையே. நம்ம நிற அறை ரெண்டு தடவை திருப்பினதால புகை கூடிச்சுன்னு நம்ம ரிப்போர்ட்லயே எழுதச் சொல்றியா?"

"ஆமா சார்."

"எழுதினா யார் படிப்பா?"

"எல்லாரும் படிப்பாங்க."

"அதான் சொல்றேன்."

உங்கள் ஆர்டர் மீசை முதலாளிக்குப் போயிருக்கிறது. உனக்கு ஊகம் இருந்திருக்கும். காலியாக அனுப்பியவர், சராசரி போடப்பட்டவர். உன் சிவப்பு விழுந்த இடத்தில் அவருடைய சாதுவான உயரம் நிற்கிறது. சாயப் பிரிவில் புகை குறைந்துவிட்டது. நிஜமாகவே வரைபடம் இறங்குகிறது. பார்க்க அழகாக இருக்கிறது.

அறிக்கையின் முதல் பக்கத்தை என்னை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். 'எங்கள் சப்ளையர்களோடு கைகோத்து' என்று ஆரம்பித்து நிறுத்திவைத்திருக்கிறேன்.

நான் யோசித்துப் பார்த்தேன். ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. அடுத்த வருடக் கேள்வித்தாள் எல்லாருக்கும் புதிதாக வரும். பழைய சப்ளையர்களுக்கும். அப்போது காலியாக அனுப்பு. மீட்டரைப் பற்றி எழுதாதே. சராசரிக்குள் வந்துவிட்டால் உன்னை மறுபடி உள்ளே கொண்டுவர என்னால் முடியும்.

இதை எழுதிவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றேன். கண்ணாடி. எதிர்க் கட்டிடத்திலும் கண்ணாடி. இரண்டிலும் நான். திரும்பி வந்தபோதும் வாக்கியம் அங்கேயே இருந்தது.

அண்ணனிடம் இந்தப் பகுதியைச் சொல்லாதே.

*

ஏப்ரல் 10

அடியே,

சொன்னேன். சாப்பிடும்போது வாசித்தே காட்டினேன். உன் அண்ணன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கை கழுவப் போனார். வந்து, "குட்டி நல்லா இருக்காளா?" என்றார். நீ நன்றாக இருக்கிறாயா? பதில் எழுது, சொல்லிவிடுகிறேன்.

அப்போது அளக்கச் சொன்னவள் நீ. இப்போது காலியாக விடச் சொல்பவளும் நீ. இரண்டு தடவையும் எங்கள் நல்லதுக்குத்தான் சொன்னாய். உன்னைக் குறை சொல்ல எனக்கு ஒரு மூலைகூடக் கிடைக்கவில்லை. அதுதான் எரிச்சல்.

ஆனால் இந்தக் கடிதம் அதற்கில்லை. பாய்லர் பற்றவைத்துவிட்டோம்.

போன வாரம் மீசை முதலாளி இடையில் இருக்கிற சின்னக் கதவைத் தட்டினார். இரண்டு பட்டறையும் ஒருவர் கையில் இருந்த காலத்துக் கதவு. துருப்பிடித்துக் கிடந்ததை உன் அண்ணன் தோளால் இடித்துத் திறந்தார்.

"வேலை நெறைய வந்துடுச்சும்மா. என் தொட்டி பத்தல. கொஞ்சம் நீங்க போட்டுக் குடுங்க."

கூலி முன்பைவிடக் குறைவு. நடுவில் அவர் இருக்கிறார் இல்லையா. சரி என்றேன். என்ன சொல்லச் சொல்கிறாய்? தொட்டிக்காரர்களில் பாதிப் பேர் திரும்பி வந்தார்கள். விளக்குப் பெட்டி அக்கா பெட்டியைப் போட்டு வேலையை ஆரம்பித்தாள். அழுதாளோ என்னவோ, நான் பார்க்கவில்லை.

மூட்டையைப் பிரித்தோம். மாதிரித் துண்டு மேலேயே தைத்திருந்தது. உன் கம்பெனி முத்திரை. நிறத்தின் பெயர் அச்சடித்திருந்தது.

அமைதிப் பாசி.

சிரித்தேன். சத்தமாக. உன் அண்ணன் பயந்துபோய் வந்து பார்த்தார். அதே துணி, அதே பச்சை, அதே தொட்டி, அதே நிலக்கரி. கதவு மட்டும் வேறு. மீசை பட்டறையில் சாயம் போட்டதாக உன் வரைபடத்தில் இறங்கிக்கொண்டிருக்கிறதே, அந்தப் புகை இப்போது என் தலைக்கு மேலே போய்க்கொண்டிருக்கிறது.

ஒரு தடவை திரும்பியும் வந்துவிட்டது. இந்த முறை 'கொஞ்சம் அவசரமாக இருக்கிறது' என்றார்களாம்.

இதை யாரிடமும் சொல்லாதே. சொன்னால் மீசையின் ஆர்டர் போகும். அவர் போனால் அந்தக் கதவும் போகும். எங்களுக்கு வேறு கதவு இல்லை.

அண்ணி

*

ஏப்ரல் 19

ஏன் சொன்னாய்?

நிஜமாகக் கேட்கிறேன். யாரிடமும் சொல்லாதே என்றால் என்னிடம் ஏன் சொன்னாய்? உலகத்தில் இது தெரியக்கூடாத ஒரே ஆள் நான்தான். அது உனக்குத் தெரியும். நீ எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவள். எதை எதோடு கலந்தால் என்ன நடக்கும் என்று தெரியாதவள் இல்லை.

அறிக்கை அச்சுக்குப் போவதற்கு முன் வெளியிலிருந்து சரிபார்ப்பவர்கள் வருவார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் அதைத் தயாரித்தவர் ஒரு உறுதிமொழியில் கையெழுத்துப் போட வேண்டும். 'எனக்குத் தெரிந்தவரை இந்தக் குறைப்பு உண்மையானது.' சாயப் பகுதி என்னுடையது. கையெழுத்து என்னுடையது.

எனக்குத் தெரிந்தவரை.

போன வாரம் வரை எனக்குத் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு போட்டிருப்பேன். கொஞ்சம் கூசும், போட்டிருப்பேன். சராசரி போடுவதை விதிமுறையே அனுமதிக்கிறது. இப்போது உன் கடிதம் என் பையில் இருக்கிறது. அந்த வாக்கியத்தைப் படிக்கும்போதெல்லாம் உன் பாய்லர் சத்தம் கேட்கிறது.

போடாவிட்டால் ஏன் என்று கேட்பார்கள். சொல்ல வேண்டும். சொன்னால் மீசை போவார், கதவு மூடும், நீங்கள் மறுபடி குளிர்ந்து கிடப்பீர்கள். இந்த முறை நன்றி லெட்டர்கூட வராது. போட்டால் எல்லாருக்கும் நல்லது. இஸ்திரிக்கு, மீசைக்கு, உனக்கு, அண்ணனுக்கு, விளக்குப் பெட்டி அக்காவுக்கு. எனக்கு மேல் மாடியில் ஒரு அறை தருவதாகப் பேச்சு இருக்கிறது. எனக்கும்கூட நல்லது என்று வைத்துக்கொள்.

பொய் இவ்வளவு பேருக்கு உபயோகமாக இருந்து நான் பார்த்ததில்லை.

நான் நன்றாக இருக்கிறேன் என்று அண்ணனிடம் சொல். என்ன செய்யட்டும் என்றும் கேள். நீ சொல்ல வேண்டாம். அவனிடம் கேள்.

*

ஏப்ரல் 26

கேட்டேன். கையெழுத்துப் போடட்டும் என்றார்.

அப்படி உடனே சொல்லவில்லை. பாய்லருக்குப் பின்னால் போய் ரொம்ப நேரம் எதையோ தட்டிக்கொண்டிருந்தார். நான் போய்ப் பார்த்தேன். மீட்டரைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"என்னங்க பண்றீங்க?"

"இது இருந்தா பாக்கத் தோணுது."

கழற்றி, துணியில் சுற்றி, அலமாரிக்கு மேலே வைத்தார். பிறகு இறங்கி வந்து சொன்னார். "போடச் சொல்லு. நம்மால அவளுக்கு வேலை போக வேணாம். அவளால நமக்கும் போக வேணாம். நடுவுல எங்கயோ ஒரு காகிதம்தானே."

காகிதம் என்று அவர் சொல்லி நான் இதுவரை கேட்டதில்லை. சும்மா எரிந்த நிலக்கரியை எழுதச் சொன்ன மனிதர்.

ஏன் சொன்னாய் என்று கேட்டாய். யோசித்தேன். உன்னிடம் எதையும் மறைத்துப் பழக்கமில்லை என்று எழுதலாம் என்றிருந்தேன். அது பாதிதான். மற்றப் பாதி: நாங்கள் இங்கே கரி பூசி நிற்கும்போது நீ மட்டும் ஒன்றும் தெரியாமல் சுத்தமாக இருக்கக் கூடாது என்று தோன்றியது. எழுதி முடித்துத் தபாலில் போட்டுவிட்டு வரும்போது நடை லேசாக இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போது ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நல்லவளாகிவிடாதே. உனக்கு ஒரு நாள் மனசாட்சி எரிய வேண்டும் என்பதற்காக எங்கள் அடுப்பு அணையக் கூடாது. உண்மையாக இருப்பதற்கு நாங்கள் ஏற்கெனவே ஒரு தடவை கொடுத்தாகிவிட்டது. அடுத்த தடவை வேறு யாராவது கொடுக்கட்டும்.

போடு.

அண்ணி

*

மே 5

போட்டுவிட்டேன்.

சரிபார்க்க வந்தவர் இளைஞர். மரியாதையானவர். எல்லாக் கூட்டலையும் போட்டுப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. அதுதான் இதில் வேடிக்கை, கூட்டலில் ஒரு தப்பும் இல்லை.

"காலியா அனுப்பின இடத்துல எல்லாம் சராசரி போட்டிருக்கீங்க."

"ஆமா."

"அளந்து அனுப்பின ஒருத்தரை இந்த வருஷம் காணோமே?"

"இப்ப அவங்ககிட்ட வாங்கறதில்ல."

"ஓ." ஒரு டிக் அடித்தார். "பாவம், நல்ல டேட்டா."

அவர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

முதல் பக்கத்தையும் முடித்துவிட்டேன். எல்லாரும் பாராட்டினார்கள். எழுத்து உருக்கமாக இருக்கிறதாம்.

உன் கடிதங்களை வீட்டில் வைத்திருக்கவில்லை. இனி அந்தத் துணியைப் பற்றி எழுதாதே. எது வந்தாலும் எழுதாதே. வேறு எதையாவது எழுது. வேறு என்ன இருக்கிறது நமக்குள் என்று எனக்கும் தெரியவில்லை.

*

மே 30

வேறு எதையாவது எழுது என்றாய். எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். விளக்குப் பெட்டி அக்காவின் மகளுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது. உன் அண்ணனுக்குக் கண்ணாடி மாற்றியாகிவிட்டது. மழை வந்து நிலக்கரி நனைந்து, நனைந்த நிலக்கரி எரிக்க...

சரி விடு.

மீசை முதலாளி வந்து சொன்னார். காலியாக அனுப்பியவர்களில் சிலரைக் கம்பெனியே நேரில் வந்து பார்க்கப் போகிறதாம். அவர் பட்டறையும் அதில் இருக்கிறது. ஒரு பெரிய சாரும் ஒரு அம்மாவும் வருவதாகத் தகவல். அந்த அம்மாவின் பெயரும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. "நம்ம பக்கத்து வீட்டுப் பொண்ணுதானேம்மா" என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். "நம்ம ஆளு வர்றப்போ நமக்கென்ன பயம்?"

நீ நம் ஆள். சந்தோஷமாக இருந்திருக்க வேண்டிய வாக்கியம்.

நீ இங்கே வந்து மூன்று வருடமாகிறது. உன் கட்டிலில் இப்போது மாதிரித் துண்டுகள் அடுக்கியிருக்கிறேன். வழக்கமாக, நீ வருகிறாய் என்றால் அதையெல்லாம் எடுத்து, தலையணை உறை மாற்றி, திட்டிக்கொண்டே உனக்குப் பிடித்ததைச் சமைத்திருப்பேன். இந்தத் தடவை எடுக்கவில்லை.

வீட்டுப் பக்கம் வராதே. தெருவில் பார்த்தாலும் நிற்காதே. உன் பெரிய சார் கூடவே இருப்பார். அன்று பாய்லரை அணைத்து வைக்கலாம் என்று பார்த்தோம், முடியாது. பச்சை தொட்டியில் இருக்கும். பாதியில் குளிர்ந்தால் எல்லாம் திட்டுத் திட்டாகிவிடும்.

அதனால் புகை வரும். நிமிர்ந்து பார்க்காதே.

அண்ணி

*

ஜூன் 14

அண்ணி,

நேற்று வந்திருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம்.

மீசை முதலாளி வாசலிலேயே நின்றார். மீசைக்கு மை போட்டிருந்தார் என்று நினைக்கிறேன். என்னைப் பார்த்து முதல்முறை பார்ப்பதுபோல் கும்பிட்டார், ஆனால் கொஞ்சம் அதிகமாகக் குனிந்தார். இஸ்திரி தன் வெள்ளைச் சட்டையோடு பட்டறைக்குள் நடந்தார். எதையும் தொடாமல், பக்கவாட்டில் நடக்கும் நண்டு மாதிரி. நான் பின்னால் போனேன். எனக்கு வழி தெரியும் என்று காட்டிக்கொள்ளாமல் நடப்பது கஷ்டமாக இருந்தது. ஒரு படியில் தடுமாறக்கூடச் செய்தேன். அந்தப் படி உயரம் என்று எனக்குத் தெரியாதா.

பின்பக்கம் வந்தபோது சின்னக் கதவு திறந்தது. அண்ணன் தள்ளுவண்டியோடு வந்தான். ஈரத் துணி. பச்சை.

எல்லாரும் நின்றோம். அவன் இளைத்திருக்கிறான். நீ எழுதவே இல்லையே. புதுக் கண்ணாடி அவன் முகத்துக்குப் பெரிதாக இருக்கிறது.

"இவர் யாரு?" என்றார் இஸ்திரி.

"நம்ம வண்டிக்காரர் சார்" என்றார் மீசை. "மூட்டை தள்றவர்."

அண்ணன் வண்டியை விட்டுவிட்டு இரண்டு கையையும் துடைத்துக்கொண்டான். என்னைப் பார்த்து, "வணக்கம் மேடம்" என்றான்.

நன்றாகச் சொன்னான். தடுமாறவில்லை. யாரும் சந்தேகப்பட்டிருக்க முடியாது. எனக்கே ஒரு நொடி இவர் யார் என்று இருந்தது.

நானும் வணக்கம் சொன்னேன். "எவ்வளவு காலமா இங்க வேலை பாக்கறீங்க?" என்று கேட்டேன். கேட்க வேண்டிய கேள்வி அது, வருகைப் படிவத்தில் இருக்கிறது.

"கொஞ்ச நாளாத்தான் மேடம்."

"வேலை எல்லாம் சௌகரியமா?"

"குறையில்ல மேடம்."

பிறகு வண்டியைத் தள்ளிக்கொண்டு எங்களைக் கடந்து போனான். மிக அருகில். நிலக்கரியும் சோப்பும் கலந்த வாசனை. நான் நகர்ந்து வழிவிட்டேன்.

இஸ்திரி அண்ணாந்து பார்த்தார். நிமிர்ந்து பார்க்காதே என்று என்னிடம் நீ சொன்னாய். அவரிடம் யாரும் சொல்லவில்லை.

"சுவருக்கு அந்தப் பக்கம் என்ன?"

மீசை வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன். "மூடின பட்டறை சார்."

"மூடினதா? புகை வருதே."

"குப்பை எரிக்கறாங்க சார்" என்றார் மீசை.

இஸ்திரி புகையைப் பார்த்தார். ஈரமாகக் கிடந்த வண்டித் தடத்தைப் பார்த்தார். அது அந்தக் கதவிலிருந்து ஆரம்பிக்கிறது. பிறகு என்னைப் பார்த்தார். அவர் முட்டாள் இல்லை என்று எழுதியிருக்கிறேன்.

"குப்பை எரிக்கறது நம்ம கணக்குல வராது இல்ல?"

"வராது சார்."

"அப்ப சரி." மணிக்கட்டில் படிந்த ஏதோ ஒன்றை ஊதித் தட்டினார். "நல்ல இடம். காத்தோட்டமா இருக்கு."

வாசலில் வண்டி ஏறும்போது உங்கள் மாடி ஜன்னல் தெரிந்தது. திரை அசைந்தது. நீயாக இருக்கலாம். காற்றாகவும் இருக்கலாம். அண்ணன் தெருமுனையில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். கடைசிவரை திரும்பவில்லை. அதுவும் நடிப்புதானா என்று அவனிடம் கேட்டு எழுது. எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

கம்பெனி எடுத்துக் கொடுத்த ஹோட்டல் அறைக்கு வந்து முகம் கழுவினேன். படிவத்தைத் திறந்தேன். 'சப்ளையர் வேலையை வெளியே கொடுக்கிறாரா?' என்ற இடத்தில் 'இல்லை' என்று போட்டு, அனுப்பிவிட்டு, காலை வண்டிக்கு டிக்கெட் எடுத்தேன்.